பட்டறையும் கரும்பலகையும்: தொழிற்பயிற்சி ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் நடத்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஃபிட்டர் (உலோகப் பாகங்களை அளவுக்குத் தேய்த்துப் பொருத்தும் தொழில்) பிரிவில் 31 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்ற நம் பகுதியாசிரியர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 14 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்துவிட்டு, இந்த ஆண்டுதான் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராகச் சேர்ந்தேன். அரத்தால் இரும்பைத் தேய்க்கும் ஃபைலிங்கை நான் செய்து காட்டும்போது 20 மாணவர்களும் தலையாட்டுகிறார்கள். அவரவர் வைஸுக்கு (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கருவி) திரும்பியதும் ஒருவருக்கும் வருவதில்லை. எனக்கு வேலை தெரிகிறது, சொல்லித்தரத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது, ஐயா? (வாசகர், ஆவடி)

பதில்: உங்களுக்கு வேலை மிக நன்றாகத் தெரிவதுதான் இந்தச் சிக்கலுக்கே காரணம். 14 ஆண்டுப் பழக்கத்தில் உங்கள் கை பல காரியங்களை உங்களைக் கேட்காமலேயே செய்துவிடுகிறது. அரத்தை முன்னே தள்ளத் தொடங்கும்போது முனையைப் பிடித்த இடது கையின் அழுத்தம் கூடுதலாகவும், நடுவில் இரு கைகளின் அழுத்தமும் சமமாகவும், முடிவில் கைப்பிடியிலிருக்கும் வலது கையின் அழுத்தம் கூடுதலாகவும் மாறிக்கொண்டே வருவதால்தான் உங்கள் ஜாபின், அதாவது செய்யும் துண்டின், முகம் தட்டையாக அமைகிறது. இந்த மாற்றம் நடப்பதை நீங்கள் கவனித்தே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆகவே 'நேராகத் தேய்' என்ற ஒரே சொல்லோடு விட்டுவிடுகிறீர்கள். மாணவரோ தொடக்கம் முதல் முடிவு வரை இரு கைகளிலும் ஒரே அழுத்தம் கொடுக்கிறார், அரம் ஊஞ்சலாடுகிறது, இரு ஓரங்களும் தேய்ந்து நடு மேடாகிவிடுகிறது. அவர் தலையாட்டியது பொய்யில்லை. நீங்கள் காட்டியதை அவர் பார்த்தார். எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

இன்று மாலை பட்டறை காலியானதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு துண்டு மைல்டு ஸ்டீலை வைஸில் மாட்டி, மெதுவாக ஃபைலிங் செய்துகொண்டே, ஒரு தாளில் மூன்று பத்திகளாக எழுதுங்கள்: முதல் பத்தியில் என்ன செய்கிறேன், இரண்டாவதில் எந்த இடத்தில் வேலை கெட வாய்ப்பிருக்கிறது, மூன்றாவதில் ஏன் அப்படிச் செய்ய வேண்டும். வைஸின் உயரம் முழங்கை மட்டத்தில் இருப்பது, இடது காலை முன்வைத்து நிற்பது, திரும்பும்போது அழுத்தத்தைத் தளர்த்துவது, பற்களில் துகள் அடைக்காமலிருக்க அரத்தில் சாக்பீஸ் பூசுவது என்று, நீங்கள் நினைத்திருந்ததைவிட நீளமான பட்டியல் வரும். அதில் ஐந்தாறு மட்டுமே முதல் நாளுக்கு உரியவை. மற்றவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வதும் கற்பித்தலில் ஒரு பகுதிதான்.

இந்த முறை புதிதன்று. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆயிரக்கணக்கில் புதிய தொழிலாளர்கள் தேவைப்பட்டபோது, சார்லஸ் ஆலன் என்பவர் மாணவரைத் தயார்ப்படுத்துதல், செய்து காட்டுதல், செய்ய வைத்தல், சோதித்தல் என்ற நான்கு படிகளை வகுத்தார். 1940 முதல் 1945 வரை அதே நாட்டில் நடந்த 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்ற திட்டம் இந்தப் படிகளைச் சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டையாக அச்சிட்டு மேற்பார்வையாளர்களிடம் கொடுத்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் திட்டத்தில் சான்று பெற்றார்கள். 'தொழிலாளி கற்கவில்லையென்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை' என்று அந்த அட்டையில் ஒரு வரி உண்டு. நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. காலையில் சாப்பிடாமல் இரண்டு பேருந்து மாறி வரும் மாணவர் கற்காமல் போவதற்குப் பயிற்றுநர் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்? ஆனாலும், குறையை முதலில் நம் பக்கம் தேடுவது நல்ல பழக்கம்.

செய்து காட்டும் விதத்தையும் மாற்றுங்கள். ஒரு வைஸைச் சுற்றி 20 பேர் நின்றால் பின்வரிசையில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். ஆறேழு பேராகப் பிரித்து, மற்றவர்களுக்கு அளவுக்கோடு போடும் மார்க்கிங் போன்ற வேலையைக் கொடுத்துவிட்டு, மூன்று முறை காட்டுங்கள். எதிரில் நிற்பவருக்கு உங்கள் வலது கை இடது கையாகத் தெரியும் என்பதால், மாணவர்களை உங்கள் பின்புறமோ பக்கவாட்டிலோ நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் முறை, பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்யுங்கள். முடிந்த வேலை எப்படி இருக்கும் என்பது மனத்தில் பதியட்டும். இரண்டாம் முறை, மெதுவாக, ஒவ்வொரு படியையும் காரணத்தோடு சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூன்றாம் முறைதான் முக்கியம்: மாணவர் ஒருவர் வாயால் சொல்ல, அவர் சொன்னதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். அழுத்தத்தைத் தளர்த்தச் சொல்ல அவர் மறந்தால் நீங்களும் தளர்த்தாமல் இழுங்கள். கூட்டம் சிரிக்கும், விட்டுப்போன படி எது என்பது அந்தச் சிரிப்பிலேயே எல்லோருக்கும் விளங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. மாணவர் தடுமாறும்போது 'இப்படிக் கொடு' என்று அரத்தை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு அது. ஒரு மாணவர்மேல் இரக்கப்பட்டு அவருடைய ஜாபை நானே தட்டையாக்கிக் கொடுத்து, நல்ல மதிப்பெண்ணும் போட்டேன். படிப்பு முடிந்து ஒரு தொழிற்சாலைக்குச் சென்ற அவரிடம், நேர்முகத் தேர்வில் ஒரு துண்டு இரும்பையும் அரத்தையும் கொடுத்து 90 பாகை மூலை ஒன்றைச் செய்து காட்டச் சொன்னார்கள். திரும்பி வந்து அவர் என்னிடம் கோபப்படவில்லை; 'அன்னைக்கு நீங்களே செஞ்சு கொடுத்துட்டீங்க சார்' என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பட்டறையில் நடக்கும்போது இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஜாபின்மேல், 90 பாகை மூலையைச் சரிபார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, 'எங்கே வெளிச்சம் தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் இன்னும் தேய்க்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

கேள்வி: பிற்பகல் தியரி வகுப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். குறிப்புகளைச் சொல்லி எழுத வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: சொல்லி எழுத வைப்பதுதான் தூக்கத்துக்கு முதல் காரணம். கிண்டியில் 1986-இல் தொடங்கப்பட்ட தேசிய பயிற்றுக் கருவி நிறுவனம், அதாவது நாம் 'நிமி' என்று சொல்லும் நிறுவனம், நம் பிரிவுகள் பலவற்றுக்குத் தமிழிலேயே தியரி நூல்களை வெளியிடுகிறது. அச்சில் இருப்பதை மறுபடி கையால் எழுத வைப்பதில் ஒரு மணி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

வகுப்பைக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வெர்னியர் காலிப்பர் பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே உருளையை மூன்று மாணவர்களிடம் கொடுத்து விட்டத்தை அளக்கச் சொல்லி, மூன்று அளவுகளையும் பலகையில் எழுதுங்கள். பெரும்பாலும் மூன்றும் வேறு வேறாக இருக்கும். யார் சொல்வது சரி என்ற சண்டை தொடங்கிய பிறகு, முதன்மை அளவுகோலின் 49 மில்லிமீட்டர் நீளம் நகரும் வெர்னியர் அளவுகோலில் 50 பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும், அதனால் ஒரு வெர்னியர் பாகம் 0.98 மில்லிமீட்டராகி, முதன்மை அளவுகோலின் 1 மில்லிமீட்டர் பாகத்துக்கும் அதற்கும் இடையிலுள்ள 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே மீச்சிற்றளவாக, அதாவது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவாக, நமக்குக் கிடைப்பதையும் விளக்குங்கள். அதே செய்தியைச் சண்டைக்கு முன்னால் சொன்னால் யார் காதிலும் விழாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடமும் நோட்டை மூடிவைத்துவிட்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வையுங்கள்: ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. மதிப்பெண் வேண்டாம்; விடையை அவர்களே திருத்திக்கொள்ளட்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, மறுபடி படிப்பதற்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நம் மாணவர்களுக்கு வேண்டியது ஐந்து நிமிட நினைவன்று.

இத்தனையும் செய்த பிறகும் தூங்கினால், நேர அட்டவணையை மாற்ற முடியுமா என்று முதல்வரிடம் கேளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் இரண்டு மணிக்கு நானும் தூங்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் எலக்ட்ரீசியன் பிரிவின் பயிற்றுநர். படத்தைப் பார்த்து, மோட்டாரைச் சப்ளையோடு நேரடியாக இணைத்து ஓட்டும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டருக்கு வயரிங் செய்வதில் என் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஓடாத மோட்டார் ஒன்றைக் கொடுத்தால் கை கட்டி நிற்கிறார்கள். பழுது கண்டுபிடிப்பதைச் சொல்லித்தர முடியுமா, அது அனுபவத்தில்தான் வருமா? (வாசகர், ஓசூர்)

பதில்: அனுபவத்தில்தான் வரும், அந்த அனுபவத்தை நிலையத்துக்குள்ளேயே உண்டாக்கித் தரலாம் என்பதுதான் என் பதில். படத்தைப் பார்த்து இணைப்பது ஒரு திறன். படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, எது அறுந்திருந்தால் இந்த அறிகுறி வரும் என்று பின்னோக்கி யோசிப்பது வேறொரு திறன். முதலாவதை நூறு முறை செய்தாலும் இரண்டாவது தானாக வராது.

ஆகவே பழுதுகளை நீங்களே வையுங்கள். சப்ளையை நிறுத்திவிட்டு, பொத்தானை விட்ட பிறகும் மோட்டாரை ஓட வைக்கும், ஸ்டார்ட்டரின் துணைத் தொடுமுனைக்குச் செல்லும் கம்பியைக் கழற்றி வையுங்கள். பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மோட்டார் ஓடும், விட்டதும் நின்றுவிடும். இன்னொரு நாள், சுமை மிகும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயை ட்ரிப் ஆன (துண்டித்த) நிலையில் விட்டு வையுங்கள். மோட்டார் அசையவே அசையாது. மாணவர் மீட்டரைத் தொடுவதற்கு முன் மூன்று வரி எழுத வேண்டும் என்பதைச் சட்டமாக்குங்கள்: என்ன அறிகுறி, எந்த இரண்டு இடங்களைச் சந்தேகிக்கிறேன், முதலில் எதை ஏன் சோதிக்கப் போகிறேன். கண்டுபிடித்தாரா என்பதைவிட இந்த மூன்று வரிகளுக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன், ஏனெனில் குருட்டாம்போக்கில் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தவர் நாளைக்குப் பெரிய பேனல் முன்னால் மறுபடியும் கை கட்டித்தான் நிற்பார். முதல் இரண்டு பழுதுகளை மட்டும் நீங்களே, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கண்டுபிடித்துக் காட்டுங்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நீங்கள் வைக்கும் பழுது எப்போதும் இணைப்பு விட்டுப்போன வகையாகவே இருக்கட்டும். எர்த் கம்பியை ஒருபோதும் கழற்றாதீர்கள். ஷார்ட் ஆகும்படி எதையும் வைக்காதீர்கள். மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வதற்கு முன், டெஸ்டரை மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் ஒருமுறை, பிறகு வேலை செய்யவிருக்கும் இடத்தில், பிறகு மறுபடியும் தெரிந்த இடத்தில் என்று வைத்துப் பார்க்கும் பழக்கத்தை, அலுப்பாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் செய்ய வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் 'மின்சாரம் இல்லை' என்றுதான் காட்டும்.

கேள்வி: வெல்டிங்கில் கிடைநிலையை ஒரு மாதம், செங்குத்து நிலையை ஒரு மாதம் என்று பிரித்து நடத்துகிறேன். அந்தந்த மாதத்தில் நன்றாகச் செய்கிறார்கள். ஆண்டு இறுதியில் முதலில் கற்றது மறந்துபோகிறது. (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: தொடக்கத்தில் ஒரே நிலையைத் தொடர்ந்து செய்ய வைப்பது சரிதான், ஆர்க்கை (உலோகத்தை உருக்கும் மின்வில்) பிடித்து நிறுத்தவே தெரியாதவரிடம் நிலையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் வெறுத்துப் போவார். ஓரளவு கை படிந்த பிறகு, ஒரே நாளில் இரண்டு மூன்று நிலைகளைக் கலந்து கொடுங்கள். கையால் சிறு மரத்தடுப்புகளைக் குறித்த வரிசையில் தட்டி வீழ்த்தும் மூன்று பணிகளை வைத்து ஷியா, மார்கன் என்ற ஆய்வாளர்கள் 1979-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பணியை முடித்த பிறகே அடுத்ததற்குச் சென்றவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். ஆனால் பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, கலந்து பயின்றவர்களே நன்றாகச் செய்தார்கள். கலந்து கொடுக்கும்போது பயிற்சி நாளில் வேலை அசிங்கமாகத்தான் இருக்கும். நிலையத்தைப் பார்வையிட அதிகாரி வரும் நாளில் மட்டும் மேசையில் அழகான வெல்டு வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்த்தால், அதைப் பொறுமையாக விளக்க வேண்டிய வேலையும் உங்களுக்கு வரும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு தேறி வந்தவர்களுக்குக்கூடத் தசமப் புள்ளி வைத்துக் கழிக்கத் தெரியவில்லை. கணக்குப் பாடத்தை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்க முடியுமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்க நேரமில்லை, தொடங்கினால் அவர்களுடைய தன்மானமும் விடாது. கணக்கை ஜாபோடு சேர்த்துவிடுங்கள். 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய துண்டு 25.46 இருக்கிறது, இன்னும் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று வைஸ் அருகில் நின்று கேட்டால், புத்தகத்தில் அதே கழித்தலைக் கண்டு பயந்தவர் விடை சொல்லிவிடுவார், ஏனெனில் தவறான விடைக்குத் தண்டனையாக ஜாபே வீணாகும் என்று அவருக்குத் தெரியும். மிகவும் பின்தங்கிய நான்கைந்து பேருக்கு மட்டும் காலையில் 15 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். 'இதுகூடத் தெரியாதா' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. எட்டு ஆண்டுகளாக அதைக் கேட்டுத்தான் அவர்கள் கணக்கை விட்டார்கள்.

கேள்வி: கருவிகளின் பெயர்களைத் தமிழில் சொல்ல வேண்டுமா, ஆங்கிலத்திலா? (வாசகி, மதுரை)

பதில்: தொழிற்சாலையில் 'மூலைமட்டத்தை எடு' என்று யாரும் கேட்கப்போவதில்லை, 'ட்ரை ஸ்கொயர்' என்றுதான் கேட்பார்கள். பெயர்களைத் தொழிலகம் வழங்குகிறபடியே சொல்லுங்கள், எழுதவும் வையுங்கள். காரணங்களையும் விளக்கங்களையும் தமிழில் சொல்லுங்கள். மாணவரும் தமிழிலேயே திருப்பிச் சொல்லட்டும். ஆங்கிலச் சொற்றொடரை மனப்பாடமாக ஒப்பிப்பவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று நம்பி நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

கேள்வி: என் ஃபிட்டர் வகுப்பில் இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் எளிதான ஜாப் கொடுக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கூடாது. தேர்வில் அவர்களுக்குத் தனி ஜாப் கிடையாது. வைஸின் உயரம் பொருந்தவில்லையென்றால் காலடியில் ஒரு பலகையைப் போடுங்கள். உயரம் குறைந்த ஆண்களுக்கும் அது வேண்டும். பட்டறையைப் பெருக்கும் வேலையை அந்த இருவரிடமே விடும் வழக்கம் எங்காவது இருந்தால், அதை முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: அகமதிப்பீட்டில் எல்லோருக்கும் 80-க்கு மேல் போடும்படி சொல்கிறார்கள். நேர்மையாக மதிப்பிட்டால் மாணவர்கள் பாதிக்கப்படுவார்களே? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நம் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டத்தில் செய்முறைத் தேர்வுக்கும் அகமதிப்பீட்டுக்கும் தேர்ச்சி 60 விழுக்காடு, எழுத்துப் பாடங்களுக்கு 33 விழுக்காடு. செய்முறைக்கு வரம்பை இவ்வளவு உயர்த்தி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: பாதி இறுகிய போல்ட்டுக்குப் பாதிப் பயன் கிடையாது. மேலிடம் சொல்வதை உங்களால் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் ஜாபை மதிப்பிடும் முறை உங்கள் கையில்தான் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே, அளவுத் துல்லியத்துக்கு இவ்வளவு, மூலை சரியாக இருப்பதற்கு இவ்வளவு, முகத்தின் வழவழப்புக்கு இவ்வளவு, பாதுகாப்புக்கும் கருவிகளைத் திருப்பி வைப்பதற்கும் இவ்வளவு என்று பலகையில் எழுதிவிடுங்கள். ஜாபை மாணவர் முதலில் தானே அளந்து தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளட்டும். பிறகு நீங்கள் அளந்து போடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் சேர்ந்து மறுபடி அளங்கள். 60-ஐத் தொடாத ஜாபை அதே மாணவர் அடுத்த வாரம் திரும்பச் செய்யட்டும். உயர்ந்த மதிப்பெண்ணை அப்போது மனம் உறுத்தாமல் போடலாம்.

கேள்வி: ஓய்வுபெற இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. எங்கள் அரசு நிலையத்துக்கு ரோபோவும் கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களும் வந்துவிட்டன. மாணவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரிகிறது. (வாசகர், சேலம்)

பதில்: தமிழ்நாடு அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்ச் செலவில் தொழில் 4.0 (ரோபோ, கணினி சார்ந்த நவீன உற்பத்தி) மையங்களாகத் தரம் உயர்த்தத் தொடங்கியதிலிருந்து, உங்களைப் போன்ற பலர் இதே கவலையை எனக்கு எழுதுகிறார்கள். திரையைத் தட்டுவதில் மாணவர்கள் நம்மை முந்துவது இயல்பு. ஆனால் டூல் மழுங்கிவிட்டது என்று சத்தத்தை வைத்தே சொல்வதும், வெட்டும்போது விழும் சிராயின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து வேகம் அதிகம் என்று கணிப்பதும் உங்களுக்குத்தான் தெரியும். இயந்திரம் புதிதானாலும் வெட்டப்படுவது அதே இரும்புதான். ஒப்பந்தக்காரர் இயந்திரத்தை நிறுவிப் பயிற்சி தரும் நாட்களில் மாணவர்களை மட்டும் அனுப்பிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்துவிடாமல், நோட்டுடன் முதல் வரிசையில் நில்லுங்கள். தெரியாத கேள்வி வந்தால் 'தெரியாது, நாளை பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். மாணவர் எழுதிய புரோகிராமைத் தொடங்கும் முன், ஜாப் மாட்டாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதை நீங்களும் அவரும் சேர்ந்தே செய்யுங்கள்; அவசர நிறுத்தப் பொத்தானுக்கு அருகில் உங்கள் கை இருக்கட்டும்.